உன் கிளையில் காணாமல் போன வரி

நேற்று உன் மடிக்கணினியைத் திறந்தேன், தம்பி. அது சூடானதும் கருவாட்டு வாடை எழுந்தது. கருவாட்டைக் கடித்துக்கொண்டே தட்டுவாய், கையைத் துடைக்கமாட்டாய். நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது, வாடை போகவில்லை. வாரம் ஒருமுறை அதற்குக் கரண்ட் கொடுத்து வைக்கிறேன். உனக்கு இன்னும் அதில் கடிதம் வருகிறதே.

மூன்று கடிதங்களை மருமகள் வாசித்துச் சொன்னாள். மூன்றிலும் ஒரே கேள்வி. "உங்கள் கிளையை இன்னும் நீங்கள் பராமரிக்கிறீர்களா?" இரண்டாவது கடிதம் வந்த அன்று உன் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்திவிட்டு அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்திருந்தேன். யாரிடம் கேட்கிறார்கள் பார் என்றேன். நேற்று வந்த நான்காவது கடிதத்தில் கேள்வி இல்லை. பதில் கிடைக்காததால் உன் கிளையை மூடிவிட்டார்களாம்.

கிளை என்றால் என்ன என்று எனக்குச் சொல்லித்தந்தவன் நீதான். வளைகுடாவிலிருந்து திரும்பிய வருடம், கடற்கரைக் கோயில்களின் பங்கு ஆபீஸ்களில் தூசி பிடித்துக் கிடந்த கம்ப்யூட்டர்களிலெல்லாம் லினக்ஸ் ஏற்றினாய். வெளிநாட்டில் பலர் கூடிச் செய்கிற பெரிய லினக்ஸ் ஒன்றை எடுத்து, நம் கரைக்கு வேண்டியபடி மாற்றித் தமிழில் ஆக்கினாய். அது தாய், உன்னுடையது பிள்ளை என்பாய். ஒவ்வொரு புரோகிராமையும் எப்படிப் பொதி கட்ட வேண்டும் என்ற குறிப்புகளைத் தாய்க்காரர்கள் ஒரு களஞ்சியத்தில் வைத்திருந்தார்கள். நீ அதைப் பிரதி எடுத்து உன் களஞ்சியத்தில் தனியாக வைத்திருந்தாய். அங்கே ஒரு ஓட்டையை அடைத்தால் இங்கே நீயும் ஒருமுறை உட்கார்ந்து அடைக்க வேண்டும்.

அந்தப் பொதிகளில் ஒன்று கடல் எச்சரிக்கை. காற்று எத்தனை மணிக்கு வரும் என்று மாதா கோயில் மைக்கில் அதுவே வாசிக்கும். முதல் வருடம் தாயின் பொதியை அப்படியே வைத்தாய். ஒரு நாள் பகல் பன்னிரண்டரைக்குக் காற்று என்று மைக் சொன்னது. பன்னிரண்டரைக்கு ஓலைகூட அசையவில்லை. "ஒனக்க தம்பிக்க பெட்டி கள்ளம் சொல்லுதுல்லா" என்று கரையில் சிரித்தார்கள். யார் யார் சிரித்தார்கள் என்று இன்றைக்கும் வரிசையாகச் சொல்வேன். இரண்டு மணிக்கு வள்ளங்கள் கடலுக்குப் போயின. ஆறு மணிக்குக் காற்று வந்தது. என் மூத்தவன் மறுநாள் காலையில் வலையும் இஞ்சினும் இல்லாமல் கரை சேர்ந்தான். அவனோடு போன ஆன்றனி சேரவில்லை.

அந்தப் பொதி வெளிநாட்டு மணிக்கணக்கைச் சொல்லியிருக்கிறது. நம் மணி அதைவிட அஞ்சரை மணிக்கூர் முன்னால். நீ அன்று சோறு தின்னவில்லை. உட்கார்ந்து ஒரே ஒரு வரி எழுதினாய், அதில் +0530 என்று இருந்தது. எனக்கு இங்கிலீஷ் தெரியாது, எண் தெரியும். "எக்கா, இந்த வரி ஒனக்க கண்ணுல இருக்கணும்" என்றாய். இருக்கிறது.

பிறகு அந்தக் குழித்துறைக்காரன் பழக்குலையோடு வந்தான். தாய்க்காரர்களோடு வேலை செய்கிறவன், உன் சிநேகிதன். இரண்டு களஞ்சியம் எதற்கு, ஒன்றாக வைப்போம் என்றான். ஒரே களஞ்சியத்தில் தாய்க்கு ஒரு கிளை, பிள்ளைக்கு ஒரு கிளை. அங்கே சரி செய்ததை ஒரே தட்டலில் இங்கே இழுத்துக்கொள்ளலாம்.

"ஏலே, இப்பளே சொல்லிருகேன்," என்றேன். "நானும் எனக்க ஓரகத்தியும் ஒரே கிணத்துலதான் கோரினோம். கடசியில கயறு அவ கையிலதான் இருந்துச்சு."

"அக்கா, இதுல கிணறும் இல்ல, கயறும் இல்ல. நீங்க ஒண்ணும் பயப்படண்டாம்," என்று சிரித்தான் அவன்.

"பூட்டுக்க சாவி யாருட்ட இருக்கும்?"

"தாய்க்காரங்ககிட்டதான். வேற யாருட்ட இருக்கும்?"

நான் உன் முகத்தைப் பார்த்தேன். நீ கண்ணைக் கசக்கினாய். "நான் ஒத்தைக்கு ஒருத்தன், எக்கா. நானூறு பொதி. கண்ணு தாங்கல" என்றாய். அதற்குமேல் நான் என்ன சொல்ல? பொய்யில்லை, வேலை பாதியாகக் குறைந்தது. நான் அரிசி புடைக்கும் நேரத்திலும் நீ என் பக்கத்தில் உட்கார்ந்து பேசினாய்.

ஆனால் ஒரு வழக்கத்தை மட்டும் நீ விடவில்லை. தாயிலிருந்து எச்சரிக்கைப் பொதியை இழுக்கும்போதெல்லாம் என்னைக் கூப்பிடுவாய். திரையில் சிவப்பும் பச்சையுமாக வரிகள் ஓடும்.

"அஞ்சு முப்பது இருக்கா எக்கா?"

"இருக்கு. அனுப்பு."

ஒரு தடவை இல்லை என்றேன். நீ நெஞ்சில் கை வைத்தாய். தாய்க்காரர்கள் இடத்தை ஒழுங்குபடுத்தியதில் நம் வரி துடைபட்டுப் போயிருந்தது. திரும்ப எழுதினாய். அன்று நீ சொன்னது: "அவனுவளுக்கு இது ஒரு வரி, எக்கா. நமக்குத்தான் ஆளு."

உன் அடக்கத்துக்குக் குழித்துறைக்காரன் வரவில்லை. போனில் இரண்டு வரிச் சேதி அனுப்பினான். குழித்துறை என்ன கடல் தாண்டியா கிடக்கிறது? அன்றோடு அவனிடம் பேச்சை விட்டேன். உனக்காக வந்த கடிதங்களைப் பற்றியும் அவனுக்குச் சொல்லவில்லை. முதல் கடிதத்திலேயே சொல்லியிருந்தால் கிளை நின்றிருக்கும். என் வீம்பு அது. உன்னிடம் மறைத்து என்ன செய்ய?

நேற்று நான்காவது கடிதத்தைக் கேட்டதும், நீ காட்டித்தந்த படத்தை அழுத்தி அந்த இடத்துக்குப் போனேன். மேலிருந்து கீழ்வரை மூன்று தடவை பார்த்தேன். வரி இல்லை. ஒன்பது மாதத்துக்குப் பிறகு அவனுக்குப் போன் போட்டேன்.

"ஏலே, நாந்தான். அஞ்சு முப்பத எங்க கொண்டு வச்ச?"

"அக்காவா? எந்த அஞ்சு முப்பது?"

"ஆன்றனிக்க வரி."

"ஆன்றனி யாரு அக்கா?"

நான் சொன்னேன். அவன் தட்டுகிற சத்தம் கேட்டது. "அது கிளையோட போச்சு அக்கா. இப்போ எல்லாப் பங்குக்கும் தாயில இருந்து தன்னால வரும். ஆளு இருந்து பாக்கண்டாம்."

"அதுதாம்ல எனக்குப் பயம்."

"திரும்பப் போடச் சொல்லி எழுதுகேன். நான் மட்டும் போட முடியாது. ரெண்டு மூணு பேரு பாத்து சம்மதிக்கணும். கொஞ்ச நாளு ஆவும்."

"கடலுக்கு அது தெரியுமா?"

இப்பமே எழுதுகேன் என்று போனை வைத்தான்.

இன்று காலையில் மைக் வாசித்தது. பகல் பன்னிரண்டரைக்குக் காற்று. அதே எண், தம்பி. இப்போது மணி ஒன்றரை. கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடக்கிறது. கரையில் சிரிப்பு கேட்கிறது. பங்கு ஆபீஸில் போய்ச் சொன்னேன், கம்ப்யூட்டர் சொன்னதை மாற்றிச் சொல்ல எங்களால் ஆகாது என்கிறார்கள். மருமகள் மற்றப் பங்குகளுக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கிறாள். இரண்டு பங்கில் எடுத்தார்கள். ஒன்றில் பாதியில் வைத்துவிட்டார்கள். பன்னிரண்டரையோடு அஞ்சரையைக் கூட்டு என்று நான் சொன்னால் யாருக்கு விளங்கும்? காற்று ஒருவேளை வராமலே போகலாம். எனக்குத் தெரியாது. தெரிந்து சொல்ல நீயும் இல்லை.

மூத்தவன் வாசலில் நின்று கத்துகிறான். "எம்மா, இஞ்சின இழுத்து ஸ்டார்ட்டாக்குற கயற எங்க வச்ச? எல்லாவனும் போயாச்சு. இன்னும் நாந்தான் கெடக்கேன்."

கத்தட்டும். உன் மடிக்கணினியை மூடி அதன்மேல் தாளை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். கயிறு என் மடியில் இருக்கிறது. ஆறு மணிவரை கொடுக்கமாட்டேன்.