கருவாட்டைக் கூட்டிவரப் போறேன்

பெண் பார்க்க ஆட்கள் வரவிருந்த ஞாயிறன்று, சுகப்பிரியா விடியுமுன்னே எழுந்து, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் அம்மாவுக்கு எழுதினாள். தூத்துக்குடியில் வேலை பார்க்கும் அவள், பங்குனி வெயில் ஏறுமுன் கருவாடு என்ற தன் நாயோடு கடற்கரையில் நடந்து பறவைகளைப் படமெடுப்பாள். திண்டுக்கல்லில் அம்மா வீட்டுக்கும் அவனோடுதான் வந்திருந்தாள். நேற்று அவள் கடைக்குப் போன நேரத்தில், அம்மா அவனைக் குஜிலியம்பாறை மாமா தோட்டத்துக்கு அனுப்பிவிட்டாள். கேட்டதற்கு, "நாயோட கடற்கரையில சுத்துற பிள்ளைய எவன் கட்டுவான்?" என்றாள்.

'அம்மா, கருவாட்டைக் கூட்டிவரப் போறேன். அங்கயிருந்து அப்படியே தூத்துக்குடிக்குப் போயிருவேன். கேசரி கிண்டி மூடி வச்சிருக்கேன். பீரோ சாவி டிவி மேல இருக்கு. பிரஷர் மாத்திரைய மறந்துராத. வர்றவங்ககிட்ட எனக்குக் காய்ச்சல்னு சொல்லாத, உள்ளதச் சொல்லு.'

செருப்பை மாட்டியவள் திரும்பி வந்து, தாளின் அடியில் நெருக்கி எழுதினாள்:

'அவங்களுக்குப் பிடிச்சுப்போன போட்டோ கடற்கரையில எடுத்ததுதான். என் மடியில கருவாடு உக்காந்திருந்தான். அவனை மட்டும் வெட்டிட்டு நீதான் அனுப்புன.'