குளத்து மீனுக்குப் பிசைந்த மாவு

1971, ஆவணி 4, வெள்ளி. அமாவாசை

காலையில் தூறல். கோவில் குளத்து மீன்களுக்குப் போட வழக்கம்போல் கோதுமை மாவு உருண்டை. பாதியைக் காணோம். இவரைக் கேட்டால், "எறும்பு". எறும்பு டப்பா மூடியைத் திருகித் திறக்குமோ? பெருங்காயமும் குறைகிறது.

புதனன்று எங்கள் மகள் லலிதாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். பையனின் அப்பாவுக்குப் பக்கத்து ஊர்ப் பெருமாள் கோவிலில் கைங்கர்யம். ஆசாரம் அதிகமாம். மூன்று இடம் தட்டிப்போன பிறகு வந்த வரன். பெருமாளே.

ஆவணி 6, ஞாயிறு

இவர் விடியும் முன்பே ஃபாக்டரிக்கு. ஓவர்டைமாம்.

சாயங்காலப் பால் கொண்டுவந்த கன்னியம்மா (ஏரிப் பக்கத்து ஊர்க்காரி) ஒரே சிரிப்பு. "இன்னாம்மா, சாமி பூண்டி ஏரியாண்ட தூண்டில் போட்டுக்கினு குந்திக்கினு கீறாரு! மீன் கொழம்பு வெக்கக் கத்துக்கினியா?"

பால் பாத்திரத்தைக் கீழே வைத்தேன். "யாருடி சொன்னா?"

"என் கண்ணால பார்த்தேன். ஞாயித்துக்கெழமைன்னா இப்ப அங்க ஒரே ஜனம். கம்பெனி ஆபீசருங்க, டாக்டருங்க. பொழுதுபோக்காம்! ஒரு ஆளு குடைய சாச்சிக்கினு மூஞ்சியே காட்டல."

இவர் வந்ததும் கேட்டேன். மழுப்பவில்லை. "ஃபோர்மன் கூப்பிட்டார். பிடிச்ச உடனே தண்ணியில விட்டுடறேன். பாவமில்லை."

திருநாமம் சொல்லிப் பிசைந்த மாவு, ஏரி மீன் வாயில் முள்ளோடு! பிசைந்தவள் நான். பிள்ளை வீட்டார் காதுக்குப் போனால் லலிதா கதி?

ஆவணி 7, திங்கள்

தூண்டில் பரணில், பழைய பாய்க்குள். கன்னியம்மாவின் வாயை அடைக்க ஒரு புடவை. "இன்னொண்ணு குடுத்தா ஏரியையே மறந்துடுவேன்" என்கிறாள். அடுப்பில் ரசம் பொங்கியது.

ஆவணி 9, புதன்

வந்தார்கள். கேசரி சற்றுக் கட்டி தட்டிவிட்டது. பையன் நல்ல களை. பெண் பிடித்திருக்கிறதாம். மூச்சு வந்தது.

பையனின் அப்பா கால் அலம்பக் கிணற்றடிக்கு. இவர் தண்ணீர் இறைத்துக் கொடுத்தார். நான் சமையலறை ஜன்னலில். தாழ்ந்த குரலில் அவர்: "ஸ்வாமி, அந்தப் பனைமரத்தண்டை ஆழம் போறாது. மாவில பெருங்காயமும் ரொம்பத் தூக்கல். அடியேன் குடைக்குள்ள வரைக்கும் வாசனை."

வாளி கிணற்றுக்குள் விழுந்த சத்தம்.

புறப்படும்போது பையனின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஞாயித்துக்கிழமைன்னா எங்காத்துக்காரர் உபன்யாசம் கேக்கப் போயிடுவார். உங்காத்துக்காரரையும் அழைச்சிண்டு போகச் சொல்லட்டுமா?"

"பேஷாப் போகட்டும்" என்றேன். என் வாய்தான் சொன்னது.