நீலம் தீட்டிய மனை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நீயும் உன் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நான் சாப்பிடுகிறேன், சலவைக்கடைக்குப் போகிறேன், மருத்துவமனைப் போர்வைகளை மடித்து அடுக்குகிறேன், வீட்டுக்கு வருகிறேன். அதற்கு மேல் கேட்காதே.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்தாலே நீ, விடுக்கா பாத்துக்கலாம் என்று அடைத்துவிடுவாய். இது நீ நடுவில் பேசாமல் நான் சொல்லி முடிக்க வேண்டிய விஷயம். கடை முதலாளியின் மகள் உன் பக்கம் வருகிறாள், அவள் கையில் கொடுத்து அனுப்புகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருக்கும். நான் படித்த படிப்பு உனக்குத் தெரியாததா.

விஷயம் உன் மனையைப் பற்றியது.

நம் ஊருக்கு இருபது வருஷத்துக்கு ஒரு திட்டம் உண்டாம். எங்கே வீடு கட்டலாம், எங்கே கடை வரலாம், எந்த ரோடு அகலமாகும், எல்லாம் அதில் இருக்குமாம். பழையதற்குக் கெடு முடிந்துவிட்டது, திருத்திப் புதிதாகப் போடுகிறோம், எல்லாரும் வந்து கருத்துச் சொல்லுங்கள் என்று தெருத் தெருவாக ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். எனக்கு என்ன கருத்து இருக்கிறது. அத்தான் போன பிறகு நான் எங்கேயும் போவதில்லை. பக்கத்து வீட்டுத் தையல்காரிதான், இப்படியே கெடந்தா செவுத்துகூடப் பேச ஆரம்பிச்சிடுவ, எந்திரி என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

பள்ளிக்கூட ஹாலில் மேஜைகளைச் சேர்த்துப் போட்டு ஊர்ப்படத்தை விரித்திருந்தார்கள். திட்ட அலுவலகத்திலிருந்து வந்த பெண் கலர் பென்சில்களைப் பரப்பி வைத்தாள். மரம் வேண்டிய இடத்தில் பச்சை, ரோட்டில் ஆபத்தான இடத்தில் சிவப்பு, மழைத்தண்ணீர் நிற்கிற இடத்தில் நீலம். ஒரே கூத்து. எதிர்வீட்டு மைக்கை உனக்கு நினைவிருக்கும், சைக்கிள் கடைக்காரர், அவர் ரகசியம் பேசினாலும் தெருமுனை வரை கேட்கும். அவர் பஸ் நிறுத்தத்தைத் தன் கடை வாசலிலேயே வரைந்துவிட்டார். அதுக்கு பஸ்ஸுக்குள்ளயே கடையப் போட்டுடுங்களேன் என்று தையல்காரி கேட்டாள். ஹாலே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். சிரித்த வாயை உடனே முந்தானையால் பொத்திக்கொண்டேன்.

பச்சையும் சிவப்பும் கை மாறிக்கொண்டே இருந்தன. நீலத்தை யாரும் தொடவில்லை. அந்தப் பெண், ஏங்க, உங்க ஊர்ல தண்ணியே நிக்காதா என்று கேட்டாள். எல்லாரும் தலைக்கு மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தார்கள். ஏன் பார்க்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. விளங்கியிருந்தால் நானும் விசிறியைத்தான் பார்த்திருப்பேனோ என்னவோ.

நான் எடுத்தேன். கால்வாய்ப் பாலத்தில் ஆரம்பித்தேன். பாலத்தை ஒட்டிய பள்ளம், மைக்கின் கடை, தையல்காரி வீட்டுப் பின்பக்கம், நம் வீட்டு வாசல்படி, அப்புறம் உன் மனை. உன் மனைக்கு வந்ததும் கை அழுத்திவிட்டது. முனை ஒடிந்தது. அந்தப் பெண் சீவிக் கொடுத்தாள். மறுபடியும் தீட்டினேன். போதும்மா, புரியுது என்று அவள் என் கையைப் பிடிக்கிற வரைக்கும் தீட்டினேன்.

போன வாரம் வரைவுத் திட்டத்தை அலுவலகச் சுவரில் ஒட்டினார்கள். நம் தெருவின் கடைசிப் பகுதி முழுக்க நீலம். என் பென்சிலை மட்டும் நம்பிப் போட்டதில்லை, அவர்களும் கருவி வைத்து மட்டம் பார்த்தார்களாம். ஆனால் நீங்க காட்டினதாலதான் அங்க வந்து பாத்தோம் என்று அந்தப் பெண் என்னிடம் நல்ல மனசோடு சொன்னாள். அவளுக்குத் தெரியாது, அது என் நெஞ்சில் எப்படி இறங்கியது என்று. இருக்கிற வீடுகள் இருக்கலாமாம். மாடி எழுப்பக்கூடாது. காலி மனையில் வீடே கட்டக்கூடாது.

அந்த நீலத்துக்குள் காலி மனை ஒன்றே ஒன்றுதான் தம்பி.

நீ வெயிலிலும் குளிரிலும் நின்று சேர்த்தது அது. உன் மனைவி ஒரு நல்ல புடவை எடுக்காமல் சேர்த்தது. பெரியவள் வரைந்து அனுப்பிய வீட்டுப்படம் இன்னும் என் அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறது. மாடியில் ஒரு ஜன்னல் போட்டு, அத்தை ரூம் என்று எழுதியிருக்கிறாள். சேலை எடுக்கக் கதவைத் திறக்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். குழந்தை படத்துக்கு முன்னால் திருடி மாதிரி நிற்கிறேன்.

தையல்காரி தன் மகனுக்குக் கல்யாணம் பேசி, மாடி கட்டச் செங்கல்கூட இறக்கிவிட்டாள். அவள் என்னைத் திட்டவில்லை. இன்னும் கட்டாத மாடிய ஒத்தப் பென்சில்ல இடிச்சிட்டியேக்கா என்று மட்டும் கேட்டாள். நான் சமைக்காமல் கிடந்த நாளெல்லாம் எனக்குச் சோறு கொண்டுவந்து ஊட்டியவள் அவள். திட்டியிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை மைக்கின் கடையில் கூடினார்கள். ஆட்சேபணை மனு தயாராக இருந்தது, எல்லாரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். மைக் அன்றைக்குத்தான் மெதுவாகப் பேசினார். தங்கச்சி, நீ துக்கத்துல இருந்த, எத வரையிறோம்னு தெரியாம வரைஞ்சிட்டேன்னு கீழ ஒரு வரி எழுதிக் குடுத்துடு, உன்ன யாரும் ஒரு சொல் சொல்லமாட்டாங்க என்றார். எல்லாரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேனாவை வாங்கிவிட்டேன். உன் வீட்டையும் தையல்காரி மாடியையும் நினைத்து, எழுதிவிடலாம் என்றுதான் இருந்தேன்.

எழுதுவதற்கு உட்கார இடம் பார்த்தேன். கடை வாசலில் படிக்கட்டுக்குப் பதில் ஒரு சிமெண்ட் மூட்டை கிடந்தது. தண்ணீரில் ஊறி இறுகிப் பாறையாகிவிட்டது. சாக்கு உரிந்து போயும் நெசவின் அச்சு அப்படியே இருந்தது.

அது உன் மூட்டை தம்பி. வீடு கட்ட மனையில் இறக்கி வைத்திருந்த உன் சிமெண்டை யாரோ திருடிவிட்டார்கள் என்று நான் சொன்னது பொய்.

வெள்ளம் வந்த அன்றைக்குச் சாயங்காலம் மழை வலுத்ததும் அத்தான் உன் மனைக்குப் போய் ஒவ்வொரு மூட்டையாகத் தோளில் தூக்கி வந்து நம் வீட்டு மேடையில் வைத்தார். மூன்று தடவை வந்தார். ஒவ்வொரு தடவையும் அவர் இடுப்பில் தண்ணீர் இன்னும் மேலே ஏறியிருந்தது. நான் வாசலில் நின்றுகொண்டு, இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணே ஒண்ணு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நாலாவது தடவை போனார். அப்போதுதான் கால்வாய் உடைத்துக்கொண்டு வந்தது. அந்த மூன்று மூட்டையும் நனையாமல் இருக்கின்றன. இன்னும் மேடையில்தான் இருக்கின்றன, யாரையும் தொட விடவில்லை.

அவரைப் பாலத்தடியில் எடுத்தார்கள் என்று உனக்குச் சொன்னேன். உன் மனையில்தான் எடுத்தார்கள். கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கி எடுத்தது இதே மைக்.

அதனால் அவரிடமே கேட்டேன். அண்ணே, அன்னிக்கு நீங்க எறங்கினப்ப உங்களுக்கு எதுவரைக்கும் தண்ணி என்று கேட்டேன். அவர் என் கையிலிருந்த பேனாவை அவரே வாங்கிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். எனக்கும் பேங்க் லோன் இருக்கு தங்கச்சி என்றார். அவர் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. நான் எழுந்து வந்துவிட்டேன். பொய்யும் எழுதவில்லை, அவர்களுக்கு உதவியும் செய்யவில்லை. எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாலும் குத்துகிறது.

அடுத்த வாரம் விசாரணை. அதற்குள் அவர்கள் உனக்குப் போன் செய்வார்கள். மனை உன் பேரில் இருப்பதால் நீ ஆட்சேபணை கொடுத்தால் அதற்குத் தனி மதிப்பு, நீலத்தைச் சுருக்கினாலும் சுருக்குவார்களாம். மேட்டுப் பக்கம் மாற்று மனை கேட்டும் நீ எழுதலாம், ஆனால் கிடைக்கும்னு நான் உறுதி சொல்ல முடியாது என்று அந்தப் பெண் சொன்னாள். நானும் அதற்கு மேல் உனக்கு உறுதி சொல்ல முடியாது. உன் சம்பாத்தியத்தைத் திருப்பித் தர என்னிடம் எதுவும் இல்லை. என் வீடும் அதே தெருவில் இருக்கிற வீடு, இனி விலை போகாது.

என்மேல் கோபப்படு. பேசாமல் இரு. ஆனால் அந்த ஆட்சேபணையை மட்டும் கொடுத்துவிடாதே. நீலத்தை அழிப்பது அவர்களுக்குச் சுலபம். அதற்குப் பிறகு நீ அங்கே வீடு கட்டுவாய், நீ வேலைக்குப் போயிருக்கும்போது ஒரு நாள் மழை வலுக்கும், பிள்ளைகள் உள்ளே இருப்பார்கள். என் வாசலிலிருந்து இன்னொரு தடவை பார்த்துக்கொண்டு நிற்க என்னால் ஆகாது.

பெரியவளிடம் வேறு ஒரு வீடு வரைந்து அனுப்பச் சொல். மேட்டில் வரையச் சொல். எந்த ஊரானாலும் பரவாயில்லை, அத்தைக்கு ரூம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. சின்னவளுக்கு என் முத்தம்.

கடைசியாக ஒன்று. அன்றைக்கு அத்தான் மூட்டை எடுக்கப் போவதற்கு முன்னால் நீ போன் செய்தபோது, அங்க மழை பெய்யுதா அக்கா என்றுதான் கேட்டாய். அவ்வளவுதான் கேட்டாய். மூட்டையைப் பற்றி நீ பேசவே இல்லை. அவரைப் போகச் சொன்னது நான் மட்டும்தான். யார் கேட்டாலும் இப்படித்தான் சொல்வேன். நீயும் இப்படித்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும், கண்ணு. நன்றாகத் தூங்கு, நன்றாக இரு.

உன்மேல் எந்தக் குறையும் இல்லாத
உன் அக்கா