அம்மாவின் சோள ரொட்டியும் லச்சுமியின் தொட்டியும்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

காலையிலிருந்தே புழுக்கம். மதியம் ஆடிக் காற்று. வரும்போது இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் இரும்புத் தூசியையும் துணைக்கு அழைத்து வந்தது. கொடியில் காயப்போட்ட யூனிஃபார்ம் சட்டை வெள்ளையாகப் போய்ப் பழுப்பாகத் திரும்பியது. மறுபடி துவைக்க வேண்டும். துவைக்கவில்லை. யாராவது கேட்டால் இந்த வருடம் கலர் மாற்றிவிட்டார்கள் என்று சொல்லிக்கொள்ளலாம்.

அம்மா துபாயிலிருந்து லீவில் வந்து பத்து நாள். இன்றுதான் பெட்டியை அடிவரை காலி செய்தாள். வந்தவை:

மக்ரோனி, பெரிய பாக்கெட் மூன்று
வினிகர், குண்டு பாட்டில்
காய்ந்த கறுப்பு மிளகாய். உள்ளங்கை அகலம். உலர்ந்த திராட்சை வாசனை
டப்பா சீஸ்
எனக்கு ஒரு வாட்ச். இன்னும் துபாய் நேரத்திலேயே இருக்கிறது, அம்மா மாதிரி

அம்மா வேலை பார்த்த வீட்டில் ஐயா இத்தாலி, மேடம் மெக்சிகோ. மூன்று வருடத்தில் ரெண்டு நாட்டுச் சமையலும் அம்மா கைக்கு வந்துவிட்டது. லீவு முடிவதற்குள் எல்லாவற்றையும் எங்களுக்குச் செய்து போட்டுவிட வேண்டுமாம். இட்டாலி என்றால் இட்லிக்குப் பெரியப்பா முறையா என்று கேட்டேன். முதுகில் ஒன்று விழுந்தது. மூன்று வருடத்துக்குப் பிறகு முதல் அடி. நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த ஞாயிறு மேடம் போன் செய்வார். எப்போது திரும்பி வருகிறாள் என்று அம்மா தேதி சொல்ல வேண்டும். சொன்னால் டிக்கெட் வரும். இன்னும் ரெண்டு வருடம். அப்பாவுக்கு அவள் போகட்டும் என்றுதான். மாடி பாதியில் நிற்கிறது. கம்பிகள் எல்லாம் வாத்தியாரிடம் அடி வாங்கப் போகிறவன் மாதிரி கை தூக்கிக்கொண்டு. அம்மா போறேன் என்றும் சொல்லவில்லை, போகலை என்றும் சொல்லவில்லை. என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டால் ஜோக் அடிப்பேன் என்று தெரியும்.

தூக்கம்.

ஆகஸ்ட் 4, திங்கள்

விடிவதற்குள் எழுந்து தெருக் குழாயில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு, அம்மா எழுவதற்குள் திரும்பப் படுத்துக் குறட்டை விட்டேன். பொய்க் குறட்டை விடுவது உண்மையாகத் தூங்குவதைவிட அலுப்பு. நைட் ஷிப்ட் முடிந்து வரும் அப்பாதான் பிடித்து வைக்கிறார் என்று அம்மாவுக்கு நினைப்பு.

நான் செய்ததிலேயே பெரிய கலாட்டா இதுதான். சிரிக்கத்தான் ஆள் இல்லை. இந்த மூன்று வருடமும் சமையல் நான். சோறு வடிப்பது, அப்பாவுக்குக் கேரியர் கட்டுவது, தங்கச்சி குட்டியைக் குளிப்பாட்டி ஜடை போடுவது. அம்மா போனில் கேட்டபோதெல்லாம் ஒரு சமையல்கார அம்மா வருகிறார், மீன் குழம்பு வைத்தால் தெருவே திரும்பும், மூக்குத்தி போட்டிருப்பார் என்று அளந்துவிட்டேன். மூக்குத்தி வரைக்கும் சொன்னால்தான் பொய்க்கு உடம்பு வரும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா கேட்டும் கேட்காத மாதிரி. அம்மா வருவதற்கு முந்தின வாரம் அந்த அம்மாவை மகள் பிரசவத்துக்கு நாயுடுபேட்டைக்கு அனுப்பிவிட்டேன்.

இன்று அம்மா வெங்காயம் வெட்டச் சொன்னாள். விறகு பிளக்கிற மாதிரி வெட்டிக் கொடுத்தேன். இதுகூடத் தெரியாமல் வளர்ந்திருக்கிறாயே என்று கத்தியைப் பிடுங்கிக்கொண்டாள். குட்டி வாயைத் திறக்கப் பார்த்தாள். தேன் மிட்டாய் போட்டு மூடினேன். ஆறு வயதில் நன்றாக லஞ்சம் வாங்குகிறாள். கலெக்டர் ஆபீசுக்கு ஆள் ரெடி.

தெரிந்தால் அம்மா அழுவாள். அழுது இங்கேயே நின்றுவிடுவாள். அப்படி நிற்க வேண்டாம். ஆசைப்பட்டு நிற்கட்டும்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மக்ரோனி நாள். பொன்னேரி மார்க்கெட்டில் தக்காளி, நசுங்கினதாகப் பார்த்து. பூண்டு எண்ணெயில் சிவந்தது. தக்காளி விழுந்தது. பிறகு அடுப்பைச் சிறிதாக்கிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறாள் அம்மா. இத்தாலிச் சமையலில் பாதி காத்திருப்பதுதானாம். அப்படியென்றால் மின்சார ஆபீஸ் வரிசையில் நிற்கிற எல்லோரும் இத்தாலிக்காரர்கள்.

மேடம் வீட்டில் ஒரு இலை போடுவார்களாம். அம்மா வேலி வேலியாக மோந்துகொண்டே போய் ஏரிக்கரையில் கண்டுபிடித்தாள். திருநீற்றுப் பச்சிலை. நாம் காது வலிக்குச் சாறு பிழிந்து விடுவோம். இத்தாலியில் குழம்புக்கு விடுகிறார்கள்.

மக்ரோனி அப்பா கம்பெனியில் செய்கிற பைப் என்று குட்டியிடம் சொல்லி வைத்தேன். அப்பா ஷிப்டுக்குக் கிளம்பும்போது, நாளைக்குப் பெரிய சைஸாக எடுத்து வா என்றாள். அப்பா தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “சூப்ரவைசரு கைல கேக்குறன்” என்றார். அப்பாவும் ஜோக் அடிப்பார் என்பது மறந்தே போயிருந்தது. ரெண்டு முறை போட்டுச் சாப்பிட்டார். கொழகொழ என்று, சூடாக, புளிப்பாக, வயிற்றில் போர்வை போர்த்தின மாதிரி.

குட்டி என் கையால்தான் வாங்குவாள். அம்மா ஒரு ஸ்பூன் நீட்டினாள். “நீ சாப்டு ஆன்ட்டி” என்றாள் குட்டி. அம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

கணக்குப் பேப்பர் வந்தது. பாஸ்தா சாப்பிட்டும் பாஸ் இல்லை.

ஆகஸ்ட் 6, புதன்

மெக்சிகோ ரொட்டிக்குக் காய்ந்த மக்காச்சோளம் வேண்டும். கும்மிடிப்பூண்டி பஜார் முழுக்க அலைந்தேன். கடைசியில் கோழித்தீவனக் கடை. கடைக்காரர், “எத்தினி கோழி கீது?” என்றார். நாலு, அதில் ஒன்று நைட் ஷிப்ட் போகிறது என்றேன். தலையில் தட்டிவிட்டுச் சுத்தமான மூட்டையிலிருந்து அள்ளிப் போட்டார்.

அடுத்து பெட்டிக்கடையில் வெற்றிலைச் சுண்ணாம்பு. விளையாட்டு இல்லை, அதுவும் சமையலுக்குத்தான். சுண்ணாம்புத் தண்ணீரில் சோளத்தை வேகவைத்து ராத்திரி முழுக்க ஊறப்போட வேண்டும். அப்போதுதான் தோல் கழன்று வரும், மாவு ஒட்டும். மேடத்தின் அம்மா அவருக்குச் சொல்லிக் கொடுத்தது, மேடம் அம்மாவுக்கு. காலையில் அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டிவிட்டுச் சோளத்தை நாலு தண்ணீரில் அலச வேண்டும் என்றாள். சாக்கடையில் என்று ரெண்டு முறை சொன்னாள். நானும் தலையை ஆட்டினேன்.

ஆறு மணிக்கு கரண்ட் போனது. மிக்சி ஓடாது. மெக்சிகோவாவது, மிக்சி நோ-கோ. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கெமிஸ்ட்ரி. ஒரு வரியும் ஏறவில்லை. வரிகள் எல்லாம் தூங்குகின்றன, நான் மட்டும் எதற்கு.

ஆகஸ்ட் 7, வியாழன்

இன்று நடந்ததை வரிசையாக எழுத வேண்டும். கை வலிக்கிறது. பரவாயில்லை.

விடியற்காலை தண்ணீர் பிடித்தேன். கண் பாதி திறக்கவில்லை. சோளத்தை வடிதட்டில் கொட்டினேன். மஞ்சள் தண்ணீர் கீழே அண்டாவில் நின்றது. எங்கள் தெருவில் யாரும் கஞ்சித்தண்ணீரையோ அரிசி கழுவின தண்ணீரையோ சாக்கடையில் கொட்டமாட்டார்கள். எல்லாம் எதிர் வீட்டு ரத்னம்மா அத்தையின் மாடு லச்சுமிக்கு. வாசலில் கெமிக்கல் டிரம்மைப் பாதியாக வெட்டி வைத்த தொட்டி. மூன்று வருடமாக என் கால் தானாகப் போகும், கை தானாகக் கவிழ்க்கும். இன்றும் போனது, கவிழ்த்தது. திரும்பி வந்து படுத்தேன். சாக்கடை என்ற வார்த்தை ஞாபகம் வந்தது பள்ளிக்கூடத்தில், மூன்றாவது பீரியடில்.

சாயந்திரம் ஓடி வந்தேன். லச்சுமி வாயில் நுரை ஒழுக நின்றுகொண்டிருந்தது. தீனி எடுக்கவில்லை, மத்தியானப் பால் கறக்கவில்லை. ரத்னம்மா அத்தை தொட்டிக்கடியில் வெள்ளையாகப் படிந்திருந்ததைக் கையில் அள்ளி வைத்துக்கொண்டு அழுகிறார். மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் வந்திருந்தார். சுண்ணாம்பா, அப்படியென்றால் புளிப்பு ஊற்ற வேண்டும், வினிகர் இருக்கிறதா என்றார். அந்தத் தெருவில் வினிகர் இருந்த ஒரே வீடு எங்கள் வீடு. அம்மா குண்டு பாட்டிலோடு ஓடினாள். தண்ணீர் கலந்து மூங்கில் குழாயில் ஊற்றினார்கள். கொம்பைப் பிடித்தது நான். துபாய் வினிகர் முழுக்க லச்சுமி வயிற்றில். கொஞ்ச நேரம் கழித்து அசை போட்டது.

நான்தான் ஊற்றினேன் என்று சொன்னேன். ரத்னம்மா அத்தை என்னைத் திட்டவில்லை. அம்மா பக்கம் திரும்பினார்.

“மூணு வருசமா இந்த நைனா தெனம் விடியறதுக்குள்ள கஞ்சித்தண்ணி கொணாந்து ஊத்துவான் செல்வி. அந்தச் சின்னத இடுப்புல வச்சிக்கினு, ஒரு கையில அண்டாவத் தூக்கிக்கினு. ஒரு நாள் தப்பு பண்ணதில்ல. நீ வந்து ரெண்டே வாரத்துல என் மாட்ட சாவடிக்கப் பாத்துட்டீங்கோ.”

அம்மா புரியாமல் நின்றாள். இவன் எதுக்குக் கஞ்சி வடிக்கணும், சமையல்கார அம்மா இருந்தாங்களே என்று கேட்டாள்.

“எந்தம்மா?”

மூக்குத்தி போட்ட அம்மா என்றாள் அம்மா.

“இந்தத் தெருவுல மூக்குத்தி போட்டவ நான் ஒருத்திதான். நான் என் ஊட்லயே சமைக்கறதில்ல. சோறாக்கனது உம்புள்ள.”

அம்மா என்னைப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்தாள். கிரைண்டரில் சோளத்தைப் போட்டாள். காராமணியை வேகவைத்து மசித்தாள். கறுப்பு மிளகாயை வறுத்து ஊறவைத்தாள். அப்புறம் ஒரு வெங்காயத்தையும் கத்தியையும் என் முன்னால் வைத்தாள்.

“வெட்டு.”

விறகு வெட்டு வெட்டலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். தெம்பு இல்லை. வெட்டினேன். பொடியாக, ஒரே அளவாக, சுவரைப் பார்த்துக்கொண்டே. அம்மா என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெங்காயம் ரெண்டு பேருக்கும் வசதியாகப் போயிற்று.

எண்ணெய் பாக்கெட் கவர் ரெண்டை வெட்டி, நடுவில் மாவு உருண்டை வைத்துத் தட்டால் அழுத்தி, தோசைக்கல்லில் போட்டோம். மழை விழுந்த மண் வாசனை, கொஞ்சம் பொரிகடலை வாசனை. அதில் காராமணி, பச்சை வெங்காயம், எலுமிச்சை. மடித்துக் கடித்தால் முழங்கை வரை வழியும். முதல் நாலு ரொட்டியை அம்மா எதிர் வீட்டுக்கு எடுத்துப்போனாள். மாட்டத் திங்கவைக்க வேண்டியத எனக்குக் குடுக்கறீங்க, எனக்கு வெத்தலைக்கு வேண்டியத மாட்டுக்கு ஊத்தறீங்க என்று சொல்லிக்கொண்டே ரத்னம்மா அத்தை நாலையும் சாப்பிட்டாராம்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

லச்சுமி பால் கொடுத்துவிட்டது. கொஞ்சம்தான்.

அப்பாவும் அம்மாவும் காலையிலிருந்து சண்டை. உனக்குத் தெரிந்தும் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று அம்மா. சொன்னால் நீ பாதியில் ஓடி வந்திருப்பாய் என்று அப்பா. ரெண்டு வருடம் வேண்டாம், ஒரே ஒரு வருடம், தளம் போட்டுவிட்டால் போதும், மேல் வீட்டை வாடகைக்கு விடலாம் என்றார். அப்பா சொல்வதும் தப்பு என்று சொல்ல முடியவில்லை. அதுதான் எரிச்சல். தப்பான ஆள் ஒருத்தராவது இருந்தால் கலாய்க்கலாம்.

அப்பா கண்ணெல்லாம் உலைச் சூட்டில் சிவப்பு. தூங்காமல் உட்கார்ந்திருந்தார்.

ஸ்கூலில் டெஸ்கில் தலை வைத்துத் தூங்கி, கன்னத்தில் காம்பஸ் பாக்ஸ் அச்சு. சார் கேட்டார். பச்சை குத்தியது என்றேன். வெளியே நின்றேன். நின்றுகொண்டும் தூங்கலாம்.

ஆகஸ்ட் 9, சனி

மீந்த சோளத்தில் கோழி எலும்பு போட்டுப் பெரிய சட்டியில் சூப். சோளம் ஒவ்வொன்றும் பூ மாதிரி வெடித்திருந்தது. மெக்சிகோவில் கல்யாணத்துக்கும் செய்வார்கள், சாவுக்கும் செய்வார்கள் என்றாள் அம்மா. நம் வீட்டில் இது எதுக்கு என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

பதில் மாதிரி அம்மாவே கேட்டாள். அப்பா குளிக்கப் போயிருந்தார். குட்டி வாசலில்.

“சதீசு. நான் போவட்டுமாடா?”

எத்தனை ஜோக் ரெடியாக வைத்திருந்தேன். போம்மா, போகும்போது குட்டியையும் லக்கேஜில் போட்டுக்கொள். இல்லாவிட்டால், போ, அந்த மூக்குத்தி அம்மாவைத் திரும்ப வரச்சொல்கிறேன். எல்லாம் தொண்டை வரைக்கும் வந்தது. குட்டியைக் கேள் என்றேன்.

“உன்னத்தான் கேக்குறன்.”

“தூக்கம் வருதும்மா.”

அது மட்டும்தான் வந்தது. போ என்றும் இல்லை, போகாதே என்றும் இல்லை. சத்தியமாகத் தூக்கம்தான் வந்தது. அம்மா கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். அப்புறம் சூப்பை ஊற்றி வைத்தாள். சாப்பிட்டேன். தட்டின் முன்னாலேயே சாய்ந்துவிட்டேனாம். எனக்குத் தெரியாது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மேடம் பதினொரு மணிக்கு அப்பா செல்லில் கூப்பிட்டார். அம்மா ஸ்பீக்கரில் போட்டாள். எல்லோரும் கேட்கட்டும் என்றுதான் போட்டிருப்பாள். மேடம் குரல் நல்ல குரல். ரொட்டி செய்தாயா, சோளம் கிடைத்ததா என்றெல்லாம் கேட்டார். “சுண்ணாம்பு ஓகே மேடம். கவ் நாட் ஓகே. நவ் ஓகே” என்றாள் அம்மா. அந்தப் பக்கம் மெக்சிகோவுக்கு என்ன புரிந்ததோ.

அப்புறம் எப்போது வருகிறாய் என்றார்.

அம்மா அப்பாவைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“ஐ நோ கம் மேடம். மை சன் டயர்ட்.”

மேடம் ஏதோ மெதுவாகச் சொன்னார். யெஸ் மேடம், யெஸ் மேடம் என்றாள் அம்மா. செல்லை அப்பாவிடம் கொடுத்துவிட்டுக் கிரைண்டர் கல்லைக் கழற்றி, ஏற்கனவே கழுவின கல்லை இன்னொரு முறை கழுவினாள்.

அப்பா மாடிக்குப் போய்க் கம்பிகளுக்கு நடுவே நின்றார். சாப்பிடக் கூப்பிட்டதும் இறங்கி வந்தார். மிச்சமிருந்த சூப்பை அவரே எல்லோருக்கும் ஊற்றினார். அம்மாவுக்கு முதலில்.

டயர்டாம். நானா. நான் உட்கார்ந்துதானே இருந்தேன். அதை அம்மா சொன்ன பிறகுதான் உடம்பில் ஒவ்வொரு இடமாக வலி வந்து ஆஜர் சொல்லிற்று.

ஆகஸ்ட் 11, திங்கள்

கண் விழித்தபோது வெயில் பாயில். பதறி எழுந்தேன். வீட்டில் சத்தம் இல்லை. முதல் பீரியட் போயாச்சு. ரெண்டாவதும். லீவ் லெட்டரில் காரணம் என்ன எழுதுவது என்று யோசித்தேன். ஒன்றும் வரவில்லை.

அம்மா சமையலறையிலிருந்து தலையை நீட்டினாள்.

“தூங்குடா. ஒலை நான் வச்சிட்டன்.”

திரும்பப் படுத்துவிட்டேன்.