சக்களத்தி எழுதின சைபர்கள்

மஸ்கட்டுல இருக்கற என் மகள் ஸுவேனாவுக்கு உம்மாவோட ஸலாம். இங்க எனக்கும் வாப்பாவுக்கும் ஆட்டுக்கும் கோழிக்கும் உடம்புல ஒரு குறையும் இல்லை, அல்ஹம்துலில்லாஹ், எனக்கு மனசுலதான் காய்ச்சல், நீ ரெண்டுலயும் சொகமா இருக்கணும்னு அஞ்சு வேளையும் கேக்கறேன். போன் இருக்கும்போது கடுதாசி எதுக்குன்னு நினைப்பே. போன்ல பேசினா சுவத்துக்கு அந்தப் பக்கம் வாப்பாவோட இளையவ, உன் சின்னும்மாவுக்குக் கேக்கும். என் வீட்டுக்கும் அவ வீட்டுக்கும் நடுவுல அந்த ஒரு பவளக்கல் சுவர்தானே, அதுவும் பாதி உப்பு அரிச்சது. அதனாலதான் லீவு முடிஞ்சு மஸ்கட்டுக்கே திரும்பற நம்ம ஊர் ஃபௌமு கையில இதைக் குடுத்தனுப்பறேன். படிச்சுட்டுக் கிழிச்சுப் போடு. அவளுக்குப் போன் போட்டு இதைப் பத்தி மூச்சு விட்டே, நான் உன் உம்மாவே இல்லை. போன வாரம் அவகிட்ட முக்கால் மணி நேரம் பேசினியாமே, அவளே வந்து சொல்லிட்டுப் போனா, பல்லைக் காட்டிக்கிட்டு. எங்கிட்ட பேசறப்ப மட்டும் டூட்டிக்கு நேரமாச்சு உம்மான்னு வெச்சுடறே. இருக்கட்டும்.

கரையோரத்து ஹோட்டல்காரங்க ஒரு ஏற்பாட்டோட வந்தது உனக்கு ஞாபகம் இருக்கும், நீ பெருநாளுக்கு வந்திருந்தப்பவே பேச்சு நடந்துச்சு. தங்க வர்ற விருந்தாளிங்க பில்லுல கொஞ்சம் சேத்து வாங்கிக் கடலுக்குன்னே ஒதுக்கி வெக்கறது, டால்பின் காட்டப் போற படகுக்காரங்களும் அவங்க பங்குக்குப் போடறது. அதுல இருந்து பாறைக்குக் காவல், நம்ம பள்ளிக்கூடத்துல வியாழக்கிழமை கடல் வகுப்பு, டவுன்ல இருந்து வர்ற ஆராய்ச்சிப் பொண்ணு நஸ்ராவுக்குப் படகும் சாமானும். பதிலுக்கு நாம வடக்குப் பாறையை மூணு மாசம் மூடி வெக்கணும், எவளும் கம்பியோட இறங்கி எட்டுக்கைப் பேய்க்கணவாய் குத்தக் கூடாது. விட்டு வெச்சா அது மளமளன்னு வளந்துடும்னு நஸ்ரா சொன்னா. அவ சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா, பத்து வயசுல இருந்து அந்தப் பாறையில நடக்கறவடி நான். கணவாய் குத்தற பொம்பளைங்களுக்கெல்லாம் நான்தான் தலைவி, நான் தலையாட்டின பிறகுதான் ஊரே ஆட்டுச்சு. அதுவும் சும்மா ஆட்டலை. உங்க பணத்துக்காக எங்க கரையில வேலி போடற வேலை வெச்சுக்காதீங்க, எதுக்குச் செலவு பண்றதுன்னு ஊர்க் கூட்டம்தான் சொல்லும், கரையில நடற பலகையில உங்க பேர் சின்னதா இருக்கணும் எங்க ஊர் ம்கோகோனி பேர் பெருசா இருக்கணும்னு எதிர்ல நின்னு பேசினது யாரு, உன் உம்மா. அப்ப உன் சின்னும்மா ம்போஜா வாயில ஈ போனது கூடத் தெரியாம உக்காந்திருந்தா.

அப்புறம் பாறையைப் பாத்துக்கவும் வாரா வாரம் கணவாயை எண்ணி எழுதவும் சம்பளத்துக்கு ஒரு ஆள் வேணும்னாங்க. ஹோட்டல் மேனேஜரம்மா எல்லார் முன்னாலயும் என்னைத்தான் முதல்ல கேட்டா, நீங்க செய்யறீங்களான்னு. எனக்கெதுக்கும்மா, வேற யாரையாவது பாருங்கன்னேன். நம்ம ஊர்ல வேற எப்படிச் சொல்லுவாங்க? சாப்பிட வாங்கன்னு கூப்பிட்டா உடனே தட்டு முன்னால உக்காந்துடுவோமா? ரெண்டாம் தரம் கேக்கணும், மூணாம் தரம் கையைப் புடிச்சு இழுக்கணும், அப்புறம்தானே சரின்னு சொல்றது. அந்த மகராசி எந்த ஊர்ல பொறந்தாளோ, அப்படியா, சரி, அப்ப வேற யாருன்னு திரும்பிட்டா. நான் செய்யறேன்னு பட்டுனு எந்திரிச்சா ம்போஜா. ஒரு தரம் கூட வேண்டாம்னு சொல்லலை.

அதுக்கப்புறம் நான் பட்டதைக் கேளு. அவளுக்கு நீலச் சட்டை குடுத்தாங்க, தொப்பி குடுத்தாங்க, ஹோட்டல் வாசல்ல அவ படத்தைப் பெருசா மாட்டினாங்க. இருவது வருஷமா பாறையில என் பின்னால நடந்து, நான் விட்டுட்டுப் போனதைப் பொறுக்கினவ அவ. வியாழக்கிழமை ஆனா பள்ளிக்கூடத்துக்குப் போய், எந்த மீன் எங்க முட்டை போடும்னு பாடம் நடத்தறா, புள்ளைங்க தெருவுல அவளைப் பாத்தா டீச்சர் டீச்சர்னு ஓடுதுங்க. உன் வாப்பா பாண்டு இருக்காரே, அவ வீட்டுல தங்கற முறை வந்து போறப்ப நம்ம டீச்சர் வீட்டுல இன்னிக்கு என்ன சமையலோன்னு என் காதுபடச் சொல்லிட்டுப் போறார். நம்ம டீச்சராம். நான் தேங்காய்ப் பால் ஊத்தி மரவள்ளிக்கிழங்கு வேக வெச்சு எதிர்ல வெச்சா, உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கேங்கறார். என் கையில எப்பவும் அதே உப்புதானே, இத்தனை வருஷம் இல்லாத தூக்கல் இப்ப எங்க இருந்து வந்துச்சு?

இனிமே சொல்லப் போறதுக்கு நீ என்னைத் திட்டுவே, திட்டிக்க. பாறையை மூடறதுக்கு முந்தின நாள் நஸ்ரா வந்தா. கணவாய் எந்தெந்தப் பொந்துல குடியிருக்குன்னு காட்டுங்க, வெள்ளை அடிச்ச கல்லைப் பக்கத்துல வெச்சுடுவோம், ம்போஜாக்கா வாரா வாரம் அந்தக் கல்லுங்களைப் பாத்து எண்ணட்டும்னா. பொந்து விஷயம் உனக்குத் தெரியும், எவளும் தன் பொந்தைக் கூடப் பொறந்தவளுக்குக் கூடக் காட்ட மாட்டா. நான் உன் கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனதில்லையேன்னு நீயே கோவிச்சிருக்கே. அப்படியிருக்க அவ பேர் வாங்கறதுக்கு நான் காட்டணுமாக்கும். இருவது பொந்து காட்டினேன், இருவதும் செத்த பொந்து. வருஷக்கணக்கா ஆள் இல்லாம வாயில பாசி படிஞ்சு கிடக்கறது. நஸ்ரா டவுன் பொண்ணு, தண்ணி வேற ஏறிக்கிட்டு இருந்துச்சு, நம்பிக் கல்லை வெச்சுட்டுப் போயிட்டா. ம்போஜா கூடவே வந்தா, ஒண்ணும் சொல்லலை. சட்டை போட்டவளுக்குச் சைபர் கிடைக்கட்டும்னு நினைச்சேன், அவ்வளவுதான் நினைச்சேன், அதுக்கு மேல யோசிக்கற புத்தியை எரிச்சல் தின்னுடுச்சு.

முதல் வாரம் சைபர், ரெண்டாம் வாரம் சைபர், எட்டு வாரமும் சைபர். அவ நோட்டைத் தூக்கிக்கிட்டுக் கரையேறி வர்றப்ப எல்லாம் நான் வலை காயப் போடற சாக்குல அங்க நின்னு மூஞ்சியைப் பாப்பேன். மனசு குளுகுளுன்னு இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். ஊர்ல முணுமுணுக்க ஆரம்பிச்சாங்க, சம்பளத்தை வாங்கிக்கிட்டு நிழல்ல தூங்கறா, பாறைப் பக்கமே போறதில்லைன்னு. ஒரு நாள் உன் வாப்பாவும் அவளைப் பாத்துக் கத்தினார், என் மானத்தை வாங்கிட்டியேன்னு. சுவத்துல காதை வெச்சுக் கேட்டேன். அவ ஒரு வார்த்தை எதுத்துப் பேசலை. எனக்குச் சந்தோஷமாத்தான் இருந்துச்சு, ஆனா அன்னிக்குச் சோறு இறங்கலை. ஏன்னு தெரியலை.

ஒம்போதாம் வாரம் மேனேஜரம்மா படகுக் கொட்டகையில ஊரைக் கூட்டினா. பணம் குடுக்கற விருந்தாளிங்க கேக்கறாங்க, பாறையை மூடினதுல என்ன ஆச்சுன்னு, நான் சைபரைக் காட்டி எப்படி மறுபடியும் கேப்பேன்? புதுசாச் சேர இருந்த ரெண்டு ஹோட்டல்காரங்களும் தயங்கறாங்க. இந்தப் பாறையில கணவாய் வளராது போல, அடுத்த ஊர்க்காரங்க கூப்பிடறாங்க, ஏற்பாட்டை அங்க மாத்திக்கறோம்னா. நஸ்ரா தலையைக் குனிஞ்சுக்கிட்டா. அப்ப கடல் வகுப்பு என்ன ஆகும்னு ஒரு புள்ளையோட உம்மா கேட்டா. அதுவும் நின்னுடும்னா மேனேஜரம்மா. உடனே எல்லாரும் ம்போஜா மேல பாஞ்சாங்க. எல்லாம் இவளாலதான், போகாமலே எழுதியிருக்கா, திருடின்னா ஒருத்தி. அவ நீலச் சட்டையோட நோட்டை மார்புல அணைச்சுக்கிட்டு நின்னா.

எனக்கு எங்க இருந்து கோவம் வந்துச்சுன்னு இன்னிக்கும் புரியலை ஸுவேனா. அவ என் சக்களத்தி. அவளை நான் திட்டலாம், அவ முடி கொட்டணும்னு நான் நினைக்கலாம். திருடின்னு சொல்ல இவ யாரு? எந்திரிச்சேன். வாயை மூடுங்கடி எல்லாரும், தண்ணி வத்தியிருக்கு, கம்பியைத் தொடாம என் பின்னால வாங்கன்னேன். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கிட்டு முழங்கால் தண்ணியில நடந்தேன், ஊரே பின்னால வந்துச்சு, மேனேஜரம்மா செருப்பைக் கையில புடிச்சுக்கிட்டு வழுக்கி வழுக்கி வந்தா. நான் மறைச்சு வெச்சிருந்த முதல் பொந்து வாசல்ல நண்டு ஓடு புதுசாக் குவிஞ்சு கிடந்துச்சு. ஒரு நண்டைப் புடிச்சுக் கிட்ட காட்டினேன், உள்ளே இருந்து என் முழங்கை தடிமனுக்குக் கை நீண்டு வெடுக்குன்னு இழுத்துக்கிட்டுப் போச்சு. மேனேஜரம்மா ஓன்னு கத்திட்டா. ரெண்டாவது, மூணாவதுன்னு பதிமூணு பொந்து காட்டினேன், ஒண்ணு கூடக் காலி இல்லை. என் உம்மா சாகறப்ப எனக்கு மட்டும் சொன்ன பொந்து கூட அதுல ஒண்ணு. இனிமே அது ஊர்ப் பொந்து. கடைசியாத் திரும்பி நின்னு, செத்த பொந்துல கல்லு வெக்கச் சொன்னது நான்தான், அவ மேல இருந்த பொறாமையில சொன்னேன்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொன்னேன். நஸ்ரா அழுதுட்டா, எட்டு வார வேலை வீணாப் போச்சேன்னு. அதுதான் எனக்கு ரொம்பச் சுட்டுச்சு, அந்தப் பொண்ணு எனக்கு என்ன கெடுதல் பண்ணுச்சு.

ஏற்பாடு இங்கயே இருக்கும்னு மேனேஜரம்மா சொல்லிட்டா, நடந்ததை மறைக்காம விருந்தாளிங்ககிட்டச் சொல்லிடுவேன்னும் சொன்னா. என்னைத் தலைவி பதவியில இருந்து எடுத்துட்டாங்க. வர்ற செவ்வாய்க்கிழமை பாறை திறக்கறப்ப எல்லாரும் இறங்குவாங்க, நான் மட்டும் கரையில நிக்கணும்னு ஊர்த் தலைவர் தீர்ப்பு. சரிதான்னுட்டேன்.

இது எதுவும் இல்லைடி எனக்குப் பெருசு. அன்னிக்கு வீட்டுக்கு வந்து காலைக் கழுவிக்கிட்டு இருக்கறப்ப ம்போஜா வந்து நின்னா. அக்கா, உங்க பொந்தெல்லாம் எனக்குத் தெரியும், இருவது வருஷமா உங்க பின்னாலதானே நடந்தேன், கல்லு வெச்ச அன்னிக்கே தெரியும்னா. அப்புறம் ஏண்டி சைபர் எழுதினே, ஏன் திட்டு வாங்கினேன்னு கத்தினேன். கல்லுகிட்ட எண்ணுன்னாங்க, எண்ணினேன், அங்க சைபர்தான். கல்லு தப்புன்னு எழுதினா யாரு காட்டினதுன்னு கேப்பாங்க, மூத்தவ பொய் சொன்னான்னு நான் எப்படிக்கா என் கையால எழுதறதுன்னா. சொல்லிட்டு என் கையில இருந்த சொம்பை வாங்கி, கால்ல தண்ணியை ஊத்தினா. எனக்கு வந்த எரிச்சல் இருக்கே, சட்டைக்கும் தொப்பிக்கும் டீச்சருக்கும் சேத்து வந்ததை விட அதிகம். நல்லவளா இருக்கறதுல கூட என்னை முந்திட்டாளே. மத்ததெல்லாம் நாளைக்கே என் கைக்கு வரலாம், இதை நான் எங்க போய் வாங்குவேன்?

நேரத்துக்குச் சாப்பிடு, ஆஸ்பத்திரி வேலை நின்னுக்கிட்டே பாக்கறது, கால்ல எண்ணெய் தடவிக்க. விட்டுப் போன நோன்பைப் புடிச்சு முடி. ஆண்டவன் உன் கையில பரக்கத்தைத் தரட்டும், உனக்குப் பொறக்கறது உன் வாப்பாவோட குத்தற நாக்கு மட்டும் இல்லாம பொறக்கட்டும். எனக்கு அத்தர் சீசா அனுப்பறேன்னியே, மறக்காம ரெண்டா அனுப்பு, ஒண்ணு அவளுக்கு. அவளுது சின்னதா இருக்கட்டும். வேண்டாம், ஒரே அளவாவே அனுப்பு. சின்னதைக் குடுத்தா அதையும் சிரிச்ச மூஞ்சியா வாங்கிக்குவா, அதை என்னால பாத்துக்கிட்டு நிக்க முடியாது.

இப்படிக்கு,
உன்னைப் பெத்த உம்மா,
கிஜா,
ம்கோகோனி