சிவப்புத் துணி கட்டாத ஆறு

மச்சானுக்கு ஈஸ்வரி எழுதுவது.

சிங்கப்பூரில் நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கவேண்டும். அத்தைக்கும் எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. போனில் பேசினால் அத்தை காதில் விழும், எனக்கும் அழுகை வந்துவிடும். அதனால்தான் அங்கே திரும்பும் முத்துராமன் அண்ணனிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

நம் தெருக் கருப்பியின் ஒரே மகள் தேவிகா நாலு நாளாகச் சிவகங்கை ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். வாந்தி, பேதி. இப்போது கிட்னியும் கெட்டிருக்கிறதாம். காளிராஜ் அண்ணன் வீட்டில் இரண்டு பேர் படுத்து எழுந்தார்கள். ஊற்றுத் தண்ணீர்தான் காரணம் என்று சுகாதார ஆய்வாளர் சொல்லிவிட்டார். பத்து நாளாகக் குழாய் வரவில்லை. எல்லாரும் ஆற்று மணலைத் தோண்டித்தான் மொண்டார்கள். நம் வீட்டில் மட்டும் கேன் தண்ணீர் வாங்கினோம். சொல்லவே கூசுகிறது.

பெற்றவளே மொண்டு கொடுத்தாளே என்று ஊரே கருப்பியை ஏசுகிறது. ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனபோது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "துணி கட்டலையேன்னுதானக்கா தோண்டுனேன்" என்றாள். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் நீங்கள் வேலை பார்த்தவரைக்கும், கழிவுத் தண்ணீரை ஆற்றில் திறந்துவிடும் நாளில் ஆற்றோரக் கருவேலமரத்தில் சிவப்புத் துணி கட்டுவீர்களே, அதைச் சொல்கிறாள். நிலையத்தை மூடி இரண்டு வருஷம் ஆகிறது. கட்ட ஆளில்லை என்பது யாருக்குமே உறைக்கவில்லை. துணி இல்லையென்றால் நல்ல தண்ணீர் என்றே நினைத்திருக்கிறார்கள்.

மச்சான், போன மாதம் செப்டிக் டேங்க் லாரியில் இரண்டு பேர் வந்தார்கள். நிலையத்துப் பழைய தொட்டியில் கிடக்கும் சகதியை அள்ள வந்திருக்கிறோம் என்றார்கள். நீங்கள் விட்டுப்போன நிலையத்துச் சாவியை யாரும் கேட்டு வாங்கவில்லையே, அதை எடுத்துக் கொடுத்தேன். அனுமதிக் கடுதாசி எதுவும் நான் கேட்கவில்லை. காபி வேறு போட்டுக் கொடுத்தேன், பாவி.

நேற்று மனசு கேட்காமல் அங்குட்டுப் போனேன். லாரியின் குழாய் தொட்டிக்குள் கிடந்தது. அள்ளவில்லை மச்சான், ஊர் ஊராய் எடுத்த மலத்தை உள்ளே கொட்டிக்கொண்டிருந்தார்கள். தொட்டி வழிந்து மணலில் இறங்குகிறது. கத்தினேன். டிரைவர் நிதானமாக, "நீங்கதானக்கா சாவி தந்தீக" என்றான்.

அத்தையிடம் மட்டும் சொன்னேன். வாயைத் திறக்காதே, உன் புருஷன் பேரும் சேர்ந்து கெடும் என்கிறார்கள். நீங்களும் அதையே சொல்வீர்களோ என்று பயமாக இருக்கிறது. நாளைக் காலை முதல் பஸ்ஸில் சிவகங்கைக்குப் போகிறேன். கருப்பியிடம் சொல்லிவிட்டு, அங்கிருந்தே போலீஸுக்கும் போவேன். இது உங்கள் கைக்கு வரும்போது சொல்லி முடித்திருப்பேன்.

என்னைத் திட்ட வேண்டுமானால் ஊருக்கு வரும்போது திட்டுங்கள். நீங்கள் நூறு வருஷம் நல்லா இருக்கணும். நமக்குத்தான் பிள்ளை இல்லை, காளீஸ்வரர் கருப்பிக்கு இருக்கும் ஒன்றையாவது விட்டுவைக்கட்டும் என்று வேண்டிக்கொள்ளுங்கள் மச்சான்.

உங்கள்
ஈஸ்வரி