பக்கத்து வீட்டுச் சனி, ஞாயிறு

யார்க்,
மார்ச் 6, 2017

அன்புள்ள பெரில்,

உன் இடுப்பு எப்படி இருக்கிறது? பிளிமத்தின் கடற்காற்று ஒத்துக்கொள்கிறதா? தொலைபேசியில் உனக்குக் காது கேட்பதில்லை, எனக்குக் கத்த முடிவதில்லை. அதனால் எழுதியே சண்டை போடுகிறேன்.

நீ அறுவை சிகிச்சைக்காக உன் மகன் நைஜல் வீட்டுக்குப் போனாய். அவன் உன் வீட்டைச் சனி, ஞாயிறு சுற்றுலாக்காரர்களுக்கு விட்டான். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை வந்தாலே பெட்டிகள் உருளும் சத்தம்தான். போன வெள்ளி, கல்யாணத்துக்கு முந்தைய கொண்டாட்டத்துக்காகக் கல்யாணப் பெண்ணும் தோழிகளுமாக ஒரு பட்டாளம். எல்லோர் தோளிலும் இளஞ்சிவப்புப் பட்டை. பெட்டியைக்கூட உள்ளே வைக்காமல் என் கதவைத் தட்டினார்கள்.

"நீங்கதானே பக்கத்து வீட்டு டீச்சர்? ரெண்டு நாள்ல என்னென்ன பாக்கலாம்னு உங்ககிட்ட கேக்கச் சொல்லி சமையலறைச் சுவத்துல ஒட்டியிருக்கே!"

நைஜலைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டேன். "அம்மாதான் எழுதிக் குடுத்தாங்க ஆன்ட்டி. நான் ஒட்டினேன், அவ்ளோதான்" என்று நழுவிவிட்டான்.

காலமெல்லாம் புவியியல் நடத்தியவளுக்கு வழி சொல்ல வராதா? சொன்னேன். "காலைல கூட்டம் வர்றதுக்கு முன்னாடி பூத்தம் வாசல்ல மதில் மேல ஏறுங்க. மங்க் வாசல் வரைக்கும் நடங்க. பேராலயத்தோட முதுகு தெரியும், கீழ சரிவெல்லாம் டாஃபடில் பூத்திருக்கும். சாயங்காலம் அதே பேராலயத்துல பாட்டு வழிபாடு. கண்ண மூடிக்கிட்டு உக்காந்தா போதும்."

கல்யாணப் பெண் கொட்டாவியை அடக்கிக்கொண்டு, "ஆத்துல மிதக்குற பார் எதுவும் கிடையாதா டீச்சர்?" என்றாள். எல்லா வகுப்பிலும் ஒரு பையன் இருப்பான். நைல் நதியைப் பற்றி நாம் தொண்டை வறளப் பேசி முடித்ததும், "சாப்பாட்டு மணி எப்ப அடிக்கும்?" என்பான். இவள் அவன் அக்கா போலிருக்கிறது.

ஈஸ்டருக்குள் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனாய். வந்து உன் வீட்டைக் காப்பாற்று. என்னையும்.

உன்
எனிட்


பிளிமத்,
மார்ச் 14

என் எனிட்,

சிரித்ததில் இடுப்பு வலி கூடிவிட்டது. தங்கிப் போனவர்கள் இணையத்தில் எழுதியதை நைஜல் படித்துக் காட்டினான். என் புது மெத்தையைப் பற்றி ஒருவராவது பேச வேண்டுமே! "அடுத்த வீட்டு டீச்சர் அருமை, கொஞ்சம் கண்டிப்பு" என்கிறார்கள். அந்தக் கல்யாணப் பெண்ணும் மதில்மேல் நடந்தாளாம்.

ஈஸ்டருக்குப் பயணம் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மே கடைசியில் திங்களும் விடுமுறை வருகிறதே, அப்போது கட்டாயம் வருகிறேன். எப்போதும்போலச் சந்தைக்குப் போவோம். தேநீரோடு உட்கார்ந்து, போகிற வருகிறவர்களின் தொப்பியைக் கிண்டல் செய்வோம்.

அந்தச் சமையலறை அறிவிப்பை மட்டும் எடுக்கச் சொல்லாதே.

அன்புடன்,
பெரில்


யார்க்,
மே 31

பெரில்,

உன் வீட்டில் லெஸ்டர் ஊரிலிருந்து வந்த சுற்றுலாக்காரர்கள் இருந்ததால் என் சின்ன அறையில் உனக்குப் படுக்கை போட்டேன். இஞ்சிக் கேக் செய்தேன். சனிக்கிழமை காலை, "அம்மாவுக்கு முடியல" என்று நைஜலிடமிருந்து ஒரு வரி. உன் கையால் ஒன்றும் இல்லை.

அன்று மத்தியானம் லெஸ்டர்காரர்களில் ஒருவர் வந்தார். மரியாதையான மனிதர். "எல்லாரும் போற இடம் வேண்டாம் டீச்சர். நீங்க சனிக்கிழமைன்னா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார். கேட்ட எல்லோருக்கும் வழி சொன்னவள் நான். இதற்கு மட்டும், "பெரிலோட சந்தைக்கு" என்று தொடங்கி நிறுத்திக்கொண்டேன்.

திங்களன்று நைஜலே வந்தான், அளவெடுக்கிற ஆளோடு. உன் தையல் அறையில் இரண்டு கட்டில் போடப்போகிறானாம்.

"உங்க அம்மா வந்தா மெஷினை எங்கடா போடுவா?" என்று கேட்டேன்.

அவன் டேப்பைச் சுருட்டிக்கொண்டே நின்றான். "ஆன்ட்டி, அம்மா உங்களுக்கு எழுதலையா? அவங்க திரும்பி வர்றதா இல்லையே. ஜனவரியிலயே முடிவு பண்ணிட்டாங்க."

ஜனவரி! மார்ச்சில், கட்டாயம் வருகிறேன் என்று எழுதினாய். விடை தெரியவில்லை என்று எழுதுகிற பிள்ளையை நான் ஒருநாளும் கோபித்ததில்லை. தெரிந்தே வேறு எழுதுகிற பிள்ளையைத்தான் எழுப்பி நிற்க வைப்பேன்.

எழுந்து நில், பெரில். பதில் சொல்.

எனிட்


பிளிமத்,
ஜூன் 9

எனிட்,

நிற்கிறேன்.

என்னால் மாடிப்படி ஏற முடியவில்லை. அங்கே குளியலறை மாடியில். இங்கே எல்லாம் கீழேயே. இதை மட்டும் சொல்லியிருந்தால் நீ புரிந்துகொண்டிருப்பாய். நைஜலும், "முடியலன்னு சொல்லிடும்மா, ஆன்ட்டி ஒண்ணும் நினைக்க மாட்டாங்க" என்றான். ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. இங்கே எனக்குப் பிடித்திருக்கிறது. பேச ஆட்கள் இருக்கிறார்கள், சீட்டாட்டம் இருக்கிறது. முடியவில்லை என்று எழுதலாம். பிடித்திருக்கிறது என்று உனக்கு எப்படி எழுதுவேன்?

அறிவிப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் கிளம்பிய பிறகு நீ எழுதிய முதல் கடிதம் ஞாபகமிருக்கிறதா? "வெள்ளிக்கிழமை ரொட்டிக்கடையில் பேசியதோடு சரி. திங்கள்வரை என் குரலை நானே கேட்கவில்லை" என்று எழுதியிருந்தாய். எனக்குத் தூக்கம் வரவில்லை. யாராவது வந்து உன் கதவைத் தட்டட்டும் என்றுதான் அப்படி எழுதி ஒட்டச் சொன்னேன்.

ஒரு சனி, ஞாயிறு இங்கே வாயேன். கடற்கரை மேட்டில் கலங்கரை விளக்கம் இருக்கிறது. படகில் போகலாம். எல்லாம் சுற்றிக் காட்டுகிறேன்.

பெரில்


யார்க்,
ஜூன் 15

பெரில்,

வகுப்பாசிரியை வராத நாளில் பள்ளிக்கூடத்தில் வேறொருவரை அனுப்புவார்கள். பெரும்பாலும் நல்லவராகவே இருப்பார், படம்கூட வரைந்து காட்டுவார். பிள்ளைகள் அவரிடம், "எங்க டீச்சர் எப்ப வருவாங்க?" என்றுதான் கேட்பார்கள். நீ எனக்கு வாராவாரம் பதிலாள் அனுப்பியிருக்கிறாய். இதற்கு நன்றி சொல்வதா, திட்டுவதா? இப்போதைக்குத் திட்டுகிறேன்.

உனக்கு அங்கே பிடித்திருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. இன்னும் கொஞ்ச நாள் பிடிக்காது. ஆனாலும் படியேற முடியாதவளை யார்க்குக்கு வா, வா என்று இழுக்க மாட்டேன்.

உன் சனி, ஞாயிறு எனக்கு வேண்டாம். கலங்கரை விளக்கமும் வேண்டாம், படகும் வேண்டாம். வெள்ளிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை பெட்டி கட்டுகிறவர்களை இந்த வருஷம் போதுமான அளவு பார்த்துவிட்டேன். விருந்தாளிக்குத்தான் ஊரைச் சுற்றிக் காட்டுவார்கள்.

நான் செவ்வாய்க்கிழமை வருகிறேன். அன்று துணி துவைக்கிற நாள் என்றால் துவைத்து வை, நான் காயப்போடுகிறேன். சீட்டாட்டக்காரிகளுக்கு முன்னால் உன்னைத் திட்ட மாட்டேன். அவர்கள் போன பிறகு திட்டுவேன். கோபம் தீரும்வரை அங்கேயே இருப்பதாக உத்தேசம். சீக்கிரம் தீராது என்று நைஜலிடம் சொல்லிவிடு.

எனிட்